கேட்டு அளக்கும் பார்வை



கண் மருத்துவமனைக்கு வருபவரை முதலில் உட்கார வைக்கும் இடம் அட்டைக்கு எதிரே. மேலே ஒற்றைப் பெரிய எழுத்து. கீழே வர வரச் சிறுத்துக்கொண்டே போகும் வரிகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில ‘ஈ’ எழுத்தை நான்கு திசையிலும் திருப்பிப் போட்ட அட்டை உண்டு. அதன் கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். 1862-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்நெல்லன் தந்த முறை இது. கேஸ் ஷீட்டில் 6/60 என்று எழுதினால், மற்றவர்கள் 60 மீட்டரில் நின்று அடையாளம் காணும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் காண்கிறார் என்று பொருள். 1976-ல் மெல்போர்னில் பெய்லி, லவ்வி என்ற இருவர் வரிக்கு ஐந்து எழுத்து வைத்து, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எழுத்து ஒரே விகிதத்தில் குறையும்படி அந்த அட்டையைச் செம்மை செய்தார்கள். இன்றைய ஆய்வுகளெல்லாம் அந்த வழியில் வந்த அட்டைகளைத்தான் நம்பி நடக்கின்றன.

இந்த அளவின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அது அளப்பது ஒன்றே ஒன்றைத்தான். நல்ல வெளிச்சத்தில், வெள்ளைப் பின்னணியில், அசையாமல் நிற்கும் கறுப்பு எழுத்தை, அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் காண்கிறாரா என்பதை. அந்த நாற்காலியை விட்டு எழுந்த பிறகு அவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி அட்டைக்கு எதுவும் தெரியாது. அதை அளக்க வேண்டுமானால் அவரிடம்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது, எதைக் கேட்பது, அவர் சொல்வதை எப்படி எண்ணாக்குவது என்பதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள்.

எண் எவ்வளவு அதிகாரம் படைத்தது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1976-ல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியபோது, நல்ல கண்ணில் 6/60-க்குக் குறைவாகப் பார்வை உள்ளவரைப் பார்வையற்றவர் என்று கணக்கெடுத்தோம். 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையோடு ஒத்துப்போக அந்தக் கோட்டை 3/60-க்கு இறக்கினோம். நாடுகளுக்கிடையே ஒப்பிட இது தேவையான மாற்றம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்த ஒரு மூதாட்டி, கண்ணில் எந்த மாற்றமும் இல்லாமலே பார்வையற்றோர் கணக்கிலிருந்து வெளியே வந்தார். அவரால் முந்தின நாள் எது முடியவில்லையோ அது மறுநாளும் முடியவில்லை.

நோயாளியிடம் கேட்டு அளக்கும் முறை 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேகம் பிடித்தது. அங்கே கண்புரை அறுவை ஆண்டுக்காண்டு பெருகிக்கொண்டிருந்தது. யாருக்கு அறுவை உண்மையிலேயே பயன்படுகிறது என்ற கேள்விக்கு அட்டை மட்டும் பதில் தரவில்லை. 1994-ல் வெளிவந்த விஎஃப்-14 என்ற வினாப்பட்டியல் அன்றாடச் செயல்கள் 14-ஐ எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சிரமம் என்று கேட்டது. பின்னர் அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் விரிவான ஒரு பட்டியலை உருவாக்கி, 2001-ல் அதன் 25 கேள்விச் சுருக்கத்தை வெளியிட்டது. உலகில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படும் கண் வினாப்பட்டியல்களில் அதுவும் ஒன்று.

விஎஃப்-14-ல் என்னென்ன இருக்கின்றன தெரியுமா? மருந்துப் புட்டியில் உள்ள பொடி எழுத்தைப் படிப்பது, காசோலை எழுதுவது, பகலில் கார் ஓட்டுவது, இரவில் கார் ஓட்டுவது, பிங்கோவும் மாஜாங்கும் சீட்டும் ஆடுவது, கோல்ஃபும் டென்னிசும் ஆடுவது. அந்த ஊர் முதியவர்களுக்கு இவை நியாயமான கேள்விகள். கார் ஓட்ட முடியாமல் போவது அங்கே வீட்டுக்குள் முடங்கிப்போவதற்குச் சமம். அதையே இங்கே வாடிப்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் எடுத்து வந்தால் என்ன ஆகும்? பொருந்தாத கேள்வியைத் தாண்டிப் போகப் பட்டியலே இடம் தருகிறது. தாண்டித் தாண்டிப் போனால் கடைசியில் மிஞ்சுவது படிக்கட்டு, சமையல், முகம், டிவி. நாற்று நடும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாலைந்து கேள்விக்குள் அடைத்துவிட்டு, அவருக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று ஆய்வு முடிவு எழுத முடியும். கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறவர் யாருடைய வாழ்க்கை கணக்கில் வரும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார். இந்த உரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்.

இந்தச் சிக்கலை முதலில் கையிலெடுத்த இடங்களில் மதுரையும் ஒன்று என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1990-களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அப்போது நம் நாட்டு முகாம்களில் பெரும்பாலும் புரையை எடுத்துவிட்டுக் கனத்த கண்ணாடி கொடுத்து அனுப்புவோம். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை செலவு அதிகம், ஏழை நாட்டுக்கு ஆகுமா என்று பலரும் தயங்கிய காலம். இரண்டு முறைக்கும் 3400 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டார்கள்.

அந்தச் சோடா புட்டிக் கண்ணாடி போட்டவர்களை இன்றைய மாணவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏறக்குறைய பத்து டயாப்டர் சக்தி. அட்டைக்கு எதிரே உட்கார வைத்தால் கீழ் வரிகள் வரைக்கும் படித்துவிடுவார். எழுந்து நடந்தால்தான் கஷ்டம். எல்லாமே கால் பங்குக்கு மேல் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். நேரான நிலைக்கதவு வளைந்து நிற்கும். தம்ளரை எடுக்கக் கை நீட்டினால் அது அங்கே இருக்காது. கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம் முழுக்க எதுவும் தெரியாது. அந்த வளையத்துக்குள்ளிருந்து சைக்கிளோ மாடோ திடீரென்று முளைத்து எதிரே நிற்கும். கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால் அன்றைக்கே பழையபடி பார்வை போய்விடும். இதில் எதையும் அட்டை சொல்லாது.

அதனால்தான் அந்த ஆய்வில் பார்வைக் கூர்மையோடு சேர்த்து நோயாளிகளிடம் கேட்டும் அளந்தார்கள். லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆஸ்ட்ரிட் ஃபிளெச்சர், அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் லியன் எல்வைன், அரவிந்த் குழுவினர் ஆகியோர் சேர்ந்து தென்னிந்திய நோயாளிகளுக்கென்றே இரண்டு பட்டியல்களை உருவாக்கி 1997-ல் வெளியிட்டார்கள். ஒன்று பார்வையின் செயல்பாட்டைக் கேட்கும். மற்றது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது, நடமாட்டம், பிறரோடு பழகுவது, மனநிலை என்று வாழ்க்கையைக் கேட்கும். அறுவைக்குப் பின் இரு பிரிவினருக்குமே வாழ்க்கை வெகுவாக மேம்பட்டது. லென்ஸ் வைத்துக்கொண்டவர்களுக்குக் கூடுதலாக மேம்பட்டது. ஏழைக்கும் லென்ஸ் வைக்க வேண்டும் என்று வாதாடியவர்களின் கையில் இப்போது நோயாளிகளின் வாய்மொழியே ஆதாரமாக இருந்தது.

அடுத்த பெரிய அடி 2005-ல். இந்தியப் பார்வைச் செயல்பாட்டு வினாப்பட்டியல் என்ற ஒன்று வெளிவந்தது. இதை உருவாக்கியவர்கள் கேள்வி எழுத மேசைக்குப் போகவில்லை. நாட்டின் வெவ்வேறு வட்டாரங்களில் கண்புரை, குளுக்கோமா, விழித்திரை நோய் உள்ளவர்களைக் குழுக்களாக உட்கார வைத்துப் பேசவிட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து வந்ததைத்தான் கேள்வியாக்கினார்கள். கடைசியில் நின்றவை 33: பொதுவான செயல்பாடு 21, மனமும் சமூகமும் சார்ந்தவை 5, பார்வைத் தொல்லைகள் 7. அதில் கோல்ஃப் இல்லை. பாதையில் உள்ள மேடு பள்ளம் தெரிகிறதா, பஸ்ஸில் ஏறி இறங்கும்போது படி தெரிகிறதா, வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கண் தெரிகிறதா, கல்யாணம் காட்சிக்குப் போக முடிகிறதா, சாப்பாட்டில் ஏதாவது விழுந்து கிடந்தால் தெரிகிறதா என்ற ரகத்தில் கேள்விகள். பிறருக்குப் பாரமாக இருப்பதாகத் தோன்றுகிறதா என்றும் கேட்கிறது.

சாப்பாட்டைப் பற்றிய கேள்விக்கு வந்த ஒரு பதிலை உங்களிடம் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த மூதாட்டி. நல்ல கண்ணில் 6/36. கூட வந்த மகன், எந்தக் கேள்வி கேட்டாலும் முந்திக்கொண்டு, “அம்மாவுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல, வீட்டுலதான இருக்காங்க” என்றார். நேர்காணல் செய்த பெண் கெட்டிக்காரி. “அண்ணே, மருந்துச் சீட்டைக் காட்டி மாத்திரையை வாங்கிட்டு வந்துருங்க” என்று அவரை அனுப்பிவிட்டு, பெஞ்சில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். பாட்டி சொன்னார்: “சோத்துல புழு கெடந்தாலும் எனக்குத் தெரியாது தாயி. வைக்கிறதத் திங்கிறேன். நான் புடைச்ச அரிசியில கல்லு கெடந்து பேரன் பல்லுல பட்டுருச்சு. போன ஆடியிலருந்து சொளகை என் கையில குடுக்கிறதில்ல.”

இதைக் கேஸ் ஷீட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? 6/36 என்பது அன்றைய கணக்குப்படி பார்வையிழப்பே இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரு வேலை போய்விட்டது. அதோடு அவருக்கிருந்த இடமும் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. மகன் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அம்மா வீட்டில் சும்மா இருப்பதாகத்தான் தெரிகிறது. நோயாளியைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்று நான் எங்கு போனாலும் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் அந்த உரையாடலுக்குள்ளேயே இருக்கிறது. ‘அரிசி புடைக்கச் சிரமமா’ என்று மட்டும் கேட்டிருந்தால், ‘இல்லை’ என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர்தான் இப்போது புடைப்பதே இல்லையே. செய்வதை நிறுத்திவிட்டவருக்குச் சிரமம் இருக்காது. 25 கேள்விகள் கொண்ட அமெரிக்கப் பட்டியலின் நல்ல அம்சம் ஒன்று இங்கே கைகொடுக்கிறது: கண் தெரியாததால் நிறுத்திவிட்டேன் என்பதையும் வேறு காரணத்தால் நிறுத்திவிட்டேன் என்பதையும் அது தனித்தனிப் பதிலாக வைத்திருக்கிறது. இரவில் வெளியே போவதில்லை என்று ஒரு பெண் சொன்னால், கண் தெரியாததாலா, எப்போதுமே அனுப்பியதில்லையா என்பதைப் பிரித்துக் கேட்காமல் எண் போட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.

வயதானவர்கள் தங்கள் எதிர்பார்ப்பைத் தாங்களே குறைத்துக்கொள்வதையும் பார்க்கிறோம். “வயசாச்சு, இம்புட்டுத்தான் தெரியும்” என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பிறவியிலேயே பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்கோ குறைத்துக்கொள்ள எதுவுமில்லை. மற்றவர்களுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதே அதற்குத் தெரியாது. 2003-ல் ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்திலிருந்து வெளிவந்த குழந்தைகளுக்கான 20 கேள்விப் பட்டியல் இதற்கு ஓர் அருமையான வழி கண்டது. நல்ல பார்வையுள்ள உன் நண்பனோடு ஒப்பிட்டால் உன் பார்வை எப்படி என்று அது குழந்தையிடமே கேட்கிறது. அந்தப் பட்டியலை உருவாக்கியவர்களில் ஒருவர், சற்றுமுன் நான் சொன்ன மெல்போர்ன் அட்டையின் லவ்வி. அட்டையைச் செம்மைப்படுத்தியவரே பின்னாளில் குழந்தையிடம் கேட்கவும் வந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி எண்ணுக்கு வருவோம். சிரமமே இல்லை என்றால் 1, கொஞ்சம் என்றால் 2, ரொம்ப என்றால் 4 என்று போட்டுக் கூட்டிவிடுவது வழக்கம். இதில் பெரிய ஓட்டை இருக்கிறது. ஊசியில் நூல் கோக்க முடியாததும், எதிரே நிற்பவர் முகம் தெரியாததும் ஒரே எடையா? டென்மார்க் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960-ல் வெளியிட்ட முறை இதற்கு விடை தந்தது. உயரம் தாண்டும் போட்டியில் கம்பியின் உயரத்தையும் தாண்டுகிறவரின் திறமையையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல அவருடைய முறை கேள்வியின் கடினத்தையும் மனிதரின் திறனையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது. ஊசி உயரமான கம்பி. முகம் தாழ்வான கம்பி. முகத்தில் தடுக்குகிறவர் ஊசியில் தேறுவதாகப் பதில் வந்தால், அந்தப் பதிலையோ கேள்வியையோ சந்தேகப்படலாம். பழைய பட்டியல்கள் பலவற்றை இந்த முறையில் சோதித்தபோது, பல கேள்விகள் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பதும், சில கேள்விகள் வேறெதையோ அளப்பதும் தெரிந்தது. ஸ்வீடனில் கண்புரை நோயாளிகளிடம் கேட்டுவந்த கேட்க்வெஸ்ட் என்ற பட்டியலை இப்படிச் சலித்து 2009-ல் ஒன்பதே கேள்வியாக்கினார்கள். ஒன்பது கேள்விக்குச் சில நிமிடம் போதும். அவர்களுக்கு 1992 முதல் நாடு தழுவிய கண்புரைப் பதிவேடும் இருக்கிறது.

குளுக்கோமாவைப் பற்றி ஒரு வார்த்தை. சுவரொட்டிகளில் அதைக் கறுப்புக் குழாய் வழியாகப் பார்ப்பது போலப் படம் போடுகிறோம். லண்டனில் 50 நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில், கறுப்புக் குழாய்ப் படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. மங்கலாகத் தெரிகிறது, சில பொருள்கள் காணாமல் போகின்றன என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். அப்படியானால் நம் சுவரொட்டியைப் பார்க்கும் நோயாளி, எனக்கு இப்படிக் கறுப்பாகத் தெரியவில்லையே, எனக்கு நோயில்லை என்றல்லவா நினைப்பார்? நோயாளியிடம் கேட்காமல் வரைந்த படம் அது. உடனே மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குளுக்கோமாவில் அட்டை கடைசிவரை நல்ல செய்தியே சொல்லிக்கொண்டிருக்கும். படியில் கால் தவறுவதும், கூட்டத்தில் இடித்துக்கொள்வதும், இருட்டான தியேட்டரில் தடுமாறுவதும் கேட்டால்தான் வெளியே வரும். ஆயுள் முழுக்க விடும் சொட்டு மருந்தின் எரிச்சலும் செலவும்கூட வாழ்க்கைத் தரக் கணக்கில் வர வேண்டியவை. உலர்கண் நோயும் அப்படித்தான்: 6/6 படிப்பார், நாள் முழுக்கக் கண் உறுத்தும்.

பொருளாதார அறிஞர்கள் வேறொரு கேள்வி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் இருபது ஆண்டு ஆயுள் என்றால், முழுப் பார்வை கிடைப்பதற்காக அதில் எத்தனை ஆண்டை விட்டுக்கொடுப்பீர்கள்? அமெரிக்காவில் இப்படிக் கேட்டபோது, விழித்திரையின் மையம் தேய்ந்த நோயாளிகள் தாங்கள் படும் பாட்டுக்குக் கொடுத்த மதிப்பு, கண் மருத்துவர்கள் ஊகித்ததைவிட மிகக் கூடுதலாக இருந்தது. தினமும் அவர்களைப் பார்க்கிற நாமே குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது கவலை தரும் செய்தி. ஆனால் இந்தக் கேள்வியை நம் கிராமத்தில் கேட்க எனக்குக் கை வரவில்லை. ஆயுளைப் பேரம் பேசுவது பலருக்கு அபசகுனம். கேள்வியைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளாமல் பயந்துவிடுகிறார்கள். மறுபுறம், எல்லா நோய்க்கும் பொதுவாகப் பயன்படும் ஈக்யூ-5டி என்ற ஐரோப்பியப் பட்டியலின் ஐந்து தலைப்புகளில் பார்வை என்ற தலைப்பே இல்லை. நிதி ஒதுக்குகிறவர்கள் அதை மட்டும் வைத்து நோய்களை ஒப்பிட்டால் கண்நோய் சின்னதாகத் தெரியும்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். விழித்திரை தேய்ந்துபோன நோயாளியிடம், ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று சொல்கிறோம். அட்டை மாறாது என்பது உண்மைதான். ஆனால் தகுந்த உருப்பெருக்கியும் நல்ல விளக்கும் பயிற்சியும் கொடுத்தால் படிக்கும் திறன் வெகுவாகக் கூடுவதை, அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. கேட்டு அளந்ததால்தான் அந்த முன்னேற்றம் கண்ணில் பட்டது.

இந்தக் கல்லூரியின் கண் பிரிவுக்கு என் வேண்டுகோள் இது. புரை அறுவைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், அறுவைக்கு முன் ஒருமுறையும், ஆறு மாதம் கழித்து அவர் ஊரிலேயே ஒருமுறையும் கேளுங்கள். மருத்துவமனையில் வைத்துக் கேட்டால், “நல்லா இருக்கேன் சாமி, நீங்க மகராசனா இருக்கணும்” என்றுதான் சொல்வார். அறுவை செய்தவர் எதிரில் நின்றால் வேறென்ன சொல்வார்? ஆகவே கேட்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். மகனையும் மருமகளையும் வெளியே இருக்கச் சொல்லுங்கள். வரும் பதிலைக் கேஸ் ஷீட்டில் பார்வைக் கூர்மைக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே எழுதுங்கள். இரண்டாவது கண்ணுக்கு யாரை முதலில் அழைப்பது என்று பார்க்கும்போது, இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். இந்திய வினாப்பட்டியலின் 33 கேள்விகளையும் அச்சிட்டு மேடைக்கு இடப்பக்க மேசையில் வைத்திருக்கிறேன். மாணவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம்.